மலிவுப் பிஸ்டலில் ஒரு குங்குமக் கோடு

பேசச் சொன்னால் எனக்கு வாய் எழாது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டபோது, "எழுதித் தாறன், வாசியுங்கோ" என்று சொல்லித் தப்பிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். பிழை கண்டால் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். சங்கதியைத் திருத்த வேண்டாம். அது நடந்தபடியே இருக்கட்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சும்மா உங்களைப் பார்த்துப் போக வந்தேன் அல்லவா? அன்று உங்களில் ஒரு பிள்ளை என்னைக் கேட்டது: "அன்ரி, வெளிநாட்டில இருந்து வாற உந்த மலிவுப் பிஸ்டலுகள் குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ, இல்லாட்டிச் சும்மா பேய்க்காட்டலோ?" வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் என்னிடம் பதில் இருக்கிறது. அது எனக்குக் கிடைத்தது ஓர் ஆயுத பூசை நாளில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்பனி அப்போது தொழிற்சாலைகள் நிறைந்த ரெக்ஸ்டேலில் ஒரு தாழ்ந்த நீளக் கட்டடத்தில் இருந்தது. முன்னால் முதலாளியின் அறை, நடுவில் எங்கள் சோதனை மேசை, பின்னால் இரும்புக் கதவு போட்ட களஞ்சியம். இலக்கு வைத்துச் சுட்டுப் பழகும் கிளப்காரர்களுக்கு விற்பதற்காக வெளிநாடுகளில் இருந்து பிஸ்டல்கள் வரும். நாங்கள் கிறீஸ் துடைத்து, பிரித்துப் பார்த்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றும் பொலிஸ் பதிவோடு வெளியே போகும்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. துவக்கு வெடிக்கிற சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவளுக்கு, வந்த நாட்டில் கிடைத்த வேலை துவக்குத் துடைப்பது. எங்கள் கட்டடத்து லிப்டில் யாராவது "எங்கை வேலை?" என்று கேட்டால், "இரும்புச் சாமான் துடைக்கிற இடத்தில" என்பேன். பொய் இல்லை.

மேசையில் நாங்கள் மூன்று பேர். பவளக்கா யாழ்ப்பாணத்துக்காரி. என்னிலும் மூத்தவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். ரெஜினா மன்னார்ப் பிள்ளை, எங்களுக்குள் இளையவள். இங்கிலிஷ் ஓடுவதும் அவளுக்குத்தான். மூன்றாவது நான்.

எங்களுக்கு மேலே ஒரு துப்பாக்கி மெக்கானிக் இருந்தார். ஹங்கேரியில் இருந்து வந்தவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, மெக்கானிக் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு இங்கிலிஷ் முக்கால், எனக்குக் கால். ஆனாலும் எங்களுக்குள் கதை விளங்கிவிடும். முதல் நாள் நான் பிஸ்டலைத் தொடத் தயங்கியதைக் கண்டு அவர் சிரிக்கவில்லை. ஒரு துணியைத் தந்தார். "முதலில் உள்ளே வெறுமையா என்று பார். பார்த்த பிறகு இன்னொரு முறை பார். நான் பார்த்துத் தந்தாலும் நீ பார்" என்றார்.

மேசையின் கரையில் அவர் ஒரு சிவப்புத் தட்டு வைத்திருந்தார். மனதுக்குச் சரியில்லை என்று தோன்றும் எதையும் அதில் வைக்கலாம். ஏன் என்று நாங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் அவர் வந்து எடுத்துப் பார்ப்பார். காரணம் இல்லாமல் வைத்ததற்காக ஒருநாளும் ஏசியது கிடையாது. இங்கிலிஷ் சரியாகத் தெரியாத எங்களுக்கு அந்தத் தட்டு எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது.

அந்த வருசம் இரண்டு விதமான மலிவுச் சரக்கு வந்திருந்தது. ஒன்று பழையது. கிழக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு பட்டாளம் கழித்துவிட்டது. மரப்பெட்டியில், கட்டிக் கிறீசுக்குள் புதைந்து வரும். துடைத்து எடுத்தாலும் வடிவு இல்லை. மேலெல்லாம் அரத்தின் தழும்பு, பிடியில் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். மற்றது புத்தம் புதியது, வேறொரு நாட்டில் செய்தது. கறுப்புக் கண்ணாடி போல மினுங்கும். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாளி புதியதில் மயங்கிப்போய் நிறைய இறக்கிவிட்டார். ஒரு பெரிய கிளப் அதை மொத்தமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தது.

இந்த வியாபாரத்தில் என் காரியமும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியே இருந்தாள். அவளை இங்கே கூப்பிட, எனக்கு நிரந்தர வேலை என்று கம்பனி கடிதம் தர வேண்டும். நான் அதுவரை தற்காலிக ஆள்தான். முதலாளியோடு இங்கிலிஷில்தான் பேச வேண்டும், அதனால் ரெஜினா எனக்காகப் போய்க் கேட்டாள். "இந்தப் புதுச் சரக்குப் போகட்டும். போன அடுத்த நாள் கடிதம் தாறன்" என்று அவர் சொல்லி அனுப்பினார். அதனால் அந்த மினுங்கல் பிஸ்டல்களை நான் என் மகளின் விமானச் சீட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை அன்று பவளக்கா விடியவே ஒரு பையோடு வந்தார். சந்தனம், குங்குமம், திருநீறு, அவல், கடலை. மெக்கானிக் அன்று பல்லுப் பிடுங்கப் போய்விட்டார். மேசை எங்கள் கையில். திருப்புளி, குறடு, தூரிகை எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். நடுவில் பவளக்கா ஒரு பழைய பிஸ்டலையும் ஒரு புதியதையும் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "உதுக்குமோ பொட்டு, பவளக்கா? எங்களை ஊரை விட்டுக் கலைச்ச சாமான் உது."

"அது வேற, இது வேற பிள்ளை. இது கிளப்காரன் கடதாசியில ஓட்டை போடுற சாமான். தையல்காரன் ஊசிக்குப் பொட்டு வைக்கிறான் தானே?"

"நான் பொட்டு வைக்க மாட்டன், பாதர் ஏசுவார்" என்றாள் ரெஜினா. "கடலை சாப்பிடக்கூடாது எண்டு ஒண்டும் சொல்லேல்லை."

"உன்ரை பக்தி எனக்குத் தெரியாதோ? முதல்ல தட்டை விட்டுக் கையை எடு!"

குங்குமம் குழைக்க நல்லெண்ணெய் கொண்டுவர பவளக்கா மறந்துபோனார். யோசிக்கவேயில்லை. மேசையில் இருந்த துப்பாக்கி எண்ணெயிலேயே நாலு சொட்டு விட்டுக் குழைத்தார். கடைக் குங்குமம், சாயம் போட்டது. இரத்தம் போலச் சிவந்து இளகி வந்தது. பிஸ்டலின் மேற்பக்கம், சுடும்போது பின்னுக்குப் போய் முன்னுக்கு வருகிற இரும்பை நாங்கள் சிலைட் என்போம். இரண்டு பிஸ்டலின் சிலைட்டிலும் பெருவிரலால் நல்ல பெரிய பொட்டாக வைத்தார். கற்பூரம் கொளுத்தவில்லை. எண்ணெயும் கிறீசும் உள்ள இடம், அந்தப் புத்தி எங்களுக்கு இருந்தது.

மத்தியானம் தாண்டித்தான் கிளப்காரர் வருவதாக ஏற்பாடு. ஆனால் நாங்கள் அவல் தின்றுகொண்டிருக்கும்போதே முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேசையைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார்.

"இது என்ன, முகப்பூச்சா? ஆள் வந்து முன்னுக்கு இருக்கிறது. உந்தச் சிவப்பை உடனே துடையுங்கோ!"

அவர் போனதும் நான் துணியை எடுத்துப் புதியதைத் துடைத்தேன். பழையதை பவளக்கா துடைத்தார். ரெஜினா அவசரத்தில் கடலைத் தட்டை இழுக்க, திருநீற்றுச் சிமிழ் சரிந்து இரண்டு பிஸ்டலிலும் கொட்டிவிட்டது. ஊதினேன். மேலாகப் போனது, மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று ஒட்டி நின்றது. இன்னொரு துணி எடுத்துத் திரும்பினால், அந்த வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு. தலைமயிர் அளவு. சுட்ட குண்டின் வெற்றுக் கோது வெளியே பாயும் வாசலின் மூலையில் தொடங்கி, சிலைட்டின் குறுக்கே வளைந்து போனது.

சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்தேன். அழுத்தித் துடைத்தேன். கறுப்பாக, சுத்தமாக மினுங்கியது. மனம் கேளாமல் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து, அதே இடத்தில் அதே கோடு ஊறிக்கொண்டு வந்தது. பவளக்காவின் பழைய பிஸ்டலிலும் தடவினோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"உது கீறல்" என்றார் பவளக்கா, குரலைத் தாழ்த்தி. "துடைச்சுப் பெட்டியில வை. உனக்குக் கடிதம் வேணுமோ வேண்டாமோ?"

"கீறல் எண்டால் நகத்தில தட்டுப்படுமெல்லோ, அக்கா?"

"தட்டுப்படேல்லைத்தானே? பிறகென்ன!"

ரெஜினா சொன்னாள்: "அக்கா, சிவப்புத் தட்டில வையுங்கோ. மெக்கானிக் நாளைக்கு வந்து பாக்கட்டும். நாங்கள் எங்கடை வேலையைச் செய்தாச்சு."

அவள் சொன்னது முறையான பேச்சுத்தான். வேறு நாளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் குங்குமம் வைத்தது ஒன்றில் மட்டும். அதே இடத்தில் அதே கையால் செய்த மற்றவை எல்லாம் பெட்டியில் மூடிக் களஞ்சியத்தில் இருந்தன, அன்று பின்னேரமே போகப்போகின்றன. இந்த ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டால் என் மனம் ஆறும், கடிதமும் வரும். ஆனால் அது கீறல் இல்லாமல் இரும்புக்குள் ஓடும் வெடிப்பாக இருந்து, ஒருநாள் சுடும்போது விட்டுக்கொடுத்தால், இரும்புத் துண்டு பின்னுக்குப் பறந்து சுடுகிறவரின் முகத்துக்குத்தான் வரும். மெக்கானிக் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்.

மகளின் முகமும் மனதில் வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். 

பிறகு பிஸ்டலைப் பிரித்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகள். ஆட்கள் இருக்கும் அறைக்குள் பிஸ்டலோடு நுழையக்கூடாது. சிலைட்டை மட்டும் கழற்றி எடுத்தேன். அது தனியே வெறும் இரும்பு. அதையும் ஒரு சுத்தமான துணியையும் திருநீற்றுச் சிமிழையும் ஒரு தட்டில் வைத்து, பூசைக்குக் கொண்டுபோவதுபோல ஏந்திக்கொண்டு முன் அறைக் கதவைத் தட்டினேன். ரெஜினாவைக் கூட்டிப்போகவில்லை. கோபம் வந்தால் அது என்னோடு நிற்கட்டும்.

கிளப்பில் இருந்து வந்திருந்தது ஓர் உயரமான வெள்ளைக்காரப் பெண். கண்ணாடி போட்டவர். மேசையில் ஒரு மினுங்கல் பிஸ்டல், அவர் கையில் பேனா. முதலாளி என்னைக் கண்டு எழும்பினார். இரண்டு வருசத்தில் நான் அந்த அறைக்குள் போனதே கிடையாது.

சொல்லவேண்டியதை வழியில் இங்கிலிஷில் அடுக்கிக்கொண்டுதான் போனேன். கதவு திறந்ததும் எல்லாம் காற்றாய்ப் போயிற்று. "லுக்" என்று மட்டும் வந்தது. தட்டை மேசையில் வைத்தேன். சிலைட்டை அவர்கள் காணத் துடைத்தேன். திருநீற்றை விரலால் தடவினேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் தெரியவில்லை.

முதலாளியின் கழுத்துச் சிவந்தது. "என்ன இது? போ, பிறகு பாப்பம்" என்றார். போவோமா என்று காலைத் திருப்பினேன். அப்போது அந்தப் பெண் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கோடு வந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு புள்ளி, பிறகு நூல் போல, பிறகு முழுசாக.

"இந்த வெள்ளைத் தூள் என்ன?" என்று கேட்டார்.

"கோட்ஸ் பவுடர்" என்றேன், சாமியின் தூள் என்று. வேறு என்ன சொல்ல?

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. அவர் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிக்க அங்கே சிவப்பு மருந்து பூசி, துடைத்து, வெள்ளைத் தூள் தூவுவார்களாம். வெடிப்புக்குள் போன சிவப்பைத் தூள் வெளியே இழுத்துக் காட்டுமாம். அவர் சொன்னதில் பாதி எனக்கு அன்று விளங்கியது, மீதியை ரெஜினா பிறகு விளக்கினாள்.

"உங்களுக்கு யார் இதைப் பழக்கினது?" என்று கேட்டார்.

"ரெம்பிள்" என்றேன், கோயிலைச் சொல்லி. அதற்கும் சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. "இது ஒண்டுதானே?" என்றார்.

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தபடி அந்தப் பெண் சொன்னார்: "அதை நீங்கள்தான் காட்ட வேணும்."

பின்னேரம் முழுக்க அதே வேலை. பெட்டி பெட்டியாகத் திறந்து, குங்குமம் பூசி, பொறுத்து, துடைத்து, திருநீறு தடவினோம். பவளக்கா முணுமுணுத்தபடியே செய்தார்: "இத்தனை பேருக்குப் பொட்டு வைக்க எனக்கு என்ன கலியாணவீடோ!" எல்லாவற்றிலும் கோடு வந்தது என்றில்லை. ஆனால் ஒன்றில் வந்தாலே நிறுத்த வேண்டிய கோடு, பலதில் வந்தது. முதலாளி கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். 

கடைசியில் அந்தப் பெண், மூலையில் இருந்த மரப்பெட்டியைக் காட்டி, "அதுக்குள்ளே என்ன?" என்றார். முதலாளிக்கு வெட்கம். "பழசு. வடிவில்லை" என்றார். "அதுக்கும் பூசுங்கோ" என்றார் அவர். பூசினோம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒன்றிலும் கோடு இல்லை. அவர் ஒன்றைக் கையில் எடுத்து, நிறம் மாறிய பிடியைத் தடவிப் பார்த்து, "இதை எடுக்கிறம்" என்றார்.

நாங்கள் வேலை முடிந்து போகும்போது முதலாளி என்னைப் பார்த்து, "நாளைக்கு வா" என்றார், அவ்வளவுதான். வேலைக்கு வரவா, கணக்குத் தீர்க்க வரவா என்று தெரியாமல் பஸ்ஸில் இருந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு நடந்தே வந்தேன்.

அடுத்த நாள் மெக்கானிக் வீங்கிய கன்னத்தோடு வந்தார். சிலைட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதியவற்றில் சிலதை அவர் சுட்டுப் பார்த்து, சரி என்று விட்டிருந்தார். "அன்று சுட்டபோது சரிதான். வெடிப்பு எங்களைக் கேட்டு விட்டுக்கொடுக்கிறதில்லை" என்றார். பிறகு முன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே உரத்துக் கேட்டது அவர் குரல்தான்.

புதுச் சரக்கு அனுப்பியவனுக்கே திரும்பிப் போயிற்று. சில கிழமை எங்கள் மேசையில் வேலை குறைவு. கடிதத்தைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, ரெஜினாவைக் கேட்க விடவும் இல்லை. ஒருநாள் முதலாளி தானே வந்து, கிறீஸ் படாத ஓர் இடம் தேடி, மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். "உன்னில் எனக்கு நல்ல கோபம் இருந்தது. இப்ப இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா வாசித்தாள். நிரந்தர வேலை. பதவி, இன்ஸ்பெக்டர்.

"ஐயோ, உன்னைப் பொலிசாக்கிப் போட்டான்!" என்றார் பவளக்கா.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். மலிவு என்பதால் எதையும் தள்ளாதீர்கள். அந்தப் பழைய பிஸ்டல்கள் மலிவாக வந்ததற்குக் காரணம், வைத்திருந்தவர்களுக்கு அவை தேவையில்லாமல் போனது. செய்யும்போது ஒருவரும் அதில் மிச்சம் பிடிக்கவில்லை. புதியதோ, செய்யும்போதே மிச்சம் பிடித்து, மிச்சம் பிடித்ததை மினுக்கி மூடியது. இரண்டிலும் ஒரே விலைதான் ஒட்டியிருந்தது. அதனால் விலை மலிவாக இருந்தால், எந்த இடத்தில் மலிந்தது என்று தேடுங்கள். இப்போது உங்களுக்கு நல்ல சிவப்பு மருந்துப் போத்தல் இருக்கிறது. மெக்கானிக் அடுத்த மாதமே வாங்கி வைத்தார். பவளக்காவின் குங்குமச் சிமிழை மட்டும் அதன் பக்கத்தில் இருந்து எடுக்க விடவில்லை. மேசையை நீங்கள் எங்கே மாற்றினாலும் சிவப்புத் தட்டை மாற்றிவிடாதீர்கள்.

அடுத்த இளவேனிலில் மகள் வந்தாள். கொழும்பில் எந்தச் சத்தத்துக்கும் கட்டிலுக்குக் கீழே போய்ப் பழகிய பிள்ளை. வந்து சில நாளில், லிப்டில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு முகம் வெளிறி வந்தாள்.

"அம்மா, துவக்குக் கடையிலயோ உங்களுக்கு வேலை?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் கையால தொடுறியளோ? உங்களுக்குப் பயம் இல்லையோ?"

நான் சோற்றைப் போட்டு, அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பையும் விட்டேன்.

"இருக்கு, பிள்ளை. அதுக்குத்தான் சம்பளம் தாறாங்கள். சாப்பிடு."